கழுவிய டிராக்டர் செல்ஃப் எடுக்காதபோது

எங்கள் ஊரில் டிராக்டர் படகு இழுக்கிற வண்டி. திருவான்மியூரைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் மீனவர் குப்பங்களில் காலை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கரைக்கு வரும் ஃபைபர் படகில் கயிற்றை மாட்டி, அலை எட்டாத மேட்டுக்கு ஏற்றி விடுவது டிராக்டர்தான். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. கட்டுமரம் என்றால் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தோளில் தூக்கிப் போய்க் காயப்போடலாம். எஞ்சினும் வலையும் மீனுமாக வந்து நிற்கும் ஃபைபர் படகை அப்படித் தூக்க முடியாது. டிராக்டர் காலையில் கிளம்பவில்லை என்றால் படகுகள் அலையடியில் கிடந்து மோதும், மீன் வெயிலில் கிடக்கும், ஏலம் தள்ளிப் போகும், விலை இறங்கும்.

உழவு வண்டிக்குச் சேறு ஒரு தொல்லை என்றால், எங்கள் வண்டிக்கு உப்புதான் தொல்லை. பின் சக்கரம் பாதி கடலுக்குள் நிற்கும். அலை வந்து பிரேக் டிரம், ஆக்சில், கிளட்ச் ஹவுசிங் எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும். கழுவாமல் விட்டால் ஒரு சீசனிலேயே போல்ட் எல்லாம் துருவேறி, ஸ்பேனர் பிடிக்காத அளவுக்குக் கரைந்துபோகும். ஆகவே கழுவித்தான் ஆக வேண்டும். ஆனால் கழுவிய மறுநாள் செல்ஃப் எடுக்காமல் நிற்பதும் இதே வண்டிகள்தான்.

எங்களுக்கு அப்படி நடந்தது ஆயுத பூஜை சமயத்தில். அக்கா மகன் ஆசையாக வண்டியை எடுத்துப் போய், பிரஷர் பம்ப் வைத்திருக்கும் இடத்தில் மேலும் கீழுமாக நன்றாக அடித்துக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினான். பொட்டு வைக்க, மாலை போட எல்லாம் தயார். சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம்கூட வாங்கி வைத்தாயிற்று. காலையில் முதல் படகு கரை தட்டியபோது ஓடி வந்தான்.

"மாமா, சாவி திருப்புறேன், ஒண்ணுமே இல்ல."

"டக்குனுகூட சத்தம் வரலையா?"

"வரல மாமா. லைட்டு எல்லாம் நல்லாத்தான் எரியுது."

இந்த இரண்டு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. டிராக்டர் கிளம்பவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது சத்தத்தைத்தான். சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றால், அல்லது "டக டக டக" என்று அடித்தால், சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்ச்) வரைக்கும் கரண்ட் போகிறது, ஆனால் செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு வலு இல்லை என்று அர்த்தம். பேட்டரி, டெர்மினல், பேட்டரியை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் வயர் மூன்றையும் பார்க்க வேண்டும். சத்தமே இல்லாமல் லைட் பளிச்சென்று எரிந்தால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். சாவிக்கும் செல்ஃபுக்கும் நடுவில் எங்கேயோ பாதை அறுந்திருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் டீசல் அல்லது காற்று.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். திருப்பும்போது லைட் மங்கிச் செத்தால் பேட்டரி பக்கம் கோளாறு. லைட் கொஞ்சமும் அசையாமல் எரிந்தால் செல்ஃபுக்குக் கரண்டே போகவில்லை. இதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம், கண் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பைக், பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் வண்டி நனைந்து நின்றதும் "பிளக்கைக் கழற்றித் துடை" என்பார்கள். டிராக்டரில் இருப்பது டீசல் எஞ்சின். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சி எரிய வைப்பதுதான் அதன் வேலை. நனைந்தால் கெடுவது ஸ்டார்ட் ஆவதற்கான மின் இணைப்புகள். அவற்றை விட்டால் டீசலிலோ காற்றுப் பாதையிலோ தண்ணீர் புகுந்திருக்கும்.

மழையில் நனைந்தால் கிளம்புகிற வண்டி, கழுவினால் மட்டும் ஏன் மடக்குகிறது? மழை மேலிருந்து விழும். இணைப்புகளுக்கு மேலே பானெட் இருக்கிறது, ரப்பர் உறை இருக்கிறது. பிரஷர் தண்ணீர் கீழிருந்தும் பக்கவாட்டிலும் வந்து அந்த உறைக்குள்ளேயே புகுந்துவிடும். கடலோரத்தில் இதோடு ஒன்று கூடுகிறது. ஒவ்வொரு இணைப்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஏற்கெனவே படிந்திருக்கும். நல்ல தண்ணீர் கரண்டை அவ்வளவாகக் கடத்தாது. உப்பு கரைந்த தண்ணீர் நன்றாகக் கடத்தும். பேட்டரி இணைப்பு போட்டபடியே இருந்தால், அந்த உப்புத் தண்ணீர் வழியாகக் கரண்ட் கசிந்து செம்பை அரிக்கும். இரவு முழுக்க ஈரத்தோடு நிறுத்தினால் காலைக்குள் பச்சைக் களிம்பு கட்டிவிடும். சென்னைக் கடற்காற்றில் ராத்திரி எதுவும் காயாது, உள்ளே இருக்கும் ஈரம் அப்படியே நிற்கும்.

சரி, வண்டிக்கு வருகிறேன். எங்கள் பெட்டியில் ஒரு டெஸ்ட் லேம்ப் எப்போதும் கிடக்கும். பழைய இண்டிகேட்டர் பல்ப், இரண்டு வயர், ஒரு கிளிப், அவ்வளவுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மல்டிமீட்டரும் இருக்கிறது. ஆனாலும் ஈரமும் உப்பும் புகுந்த இணைப்பில் பல்பைத்தான் நான் நம்புவேன். களிம்பு பிடித்த இடத்தில் மீட்டர் 12 வோல்ட் காட்டும், லோடு கொடுத்தால் அந்த வோல்ட் ஓடிப் போய்விடும். பல்ப் எரிய கரண்ட் வேண்டும், அதனால் அது பொய் சொல்லாது.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். டெஸ்ட் லேம்ப் கிளிப்பை எஞ்சினில் சுத்தமான இரும்பில் மாட்டிவிட்டு, முனையைச் செல்ஃப் சொலினாய்டுக்கு வரும் சின்ன வயரில் வைத்தேன். மருமகன் கிளட்சை அழுத்திச் சாவியைத் திருப்பினான். பல்ப் எரியவில்லை. ஃப்யூஸ் பெட்டியில் வைத்தால் இரண்டு பக்கமும் எரிந்தது. சாவி சுவிட்சின் பின்னால் செல்ஃப் வயரில் வைத்து அவனைத் திருப்பச் சொன்னேன், எரிந்தது. அப்புறம் மிஞ்சுவது பாதுகாப்புச் சுவிட்ச். கிளட்ச் மிதித்தால்தான், அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் அடிக்கவிடும் சின்னச் சுவிட்ச் அது. வண்டிக்கு வண்டி இடம் மாறும். எங்கள் வண்டியில் கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில், கீழிருந்து தண்ணீர் அடித்தால் நேராகப் போய் விழும் இடத்தில் இருக்கிறது. உள்ளே வரும் வயரில் பல்ப் எரிந்தது, வெளியே போகும் வயரில் எரியவில்லை.

ரப்பர் உறையைப் பின்னால் தள்ளியதும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. செம்பு முனை இரண்டும் பச்சை. ஒன்றின் ஓரம் அரித்து, நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிர்ந்தது.

இந்த நேரத்தில்தான் சுற்றி நின்ற கூட்டத்திலிருந்து பெரியப்பா முறையுள்ள ஒருவர் சொன்னார்: "ஸ்க்ரூ டிரைவரக் குடுறா. செல்ஃப் மேல ரெண்டு போல்ட்டையும் ஷார்ட் பண்ணா ஓடிடப் போவுது."

"வேணாம் பெரியப்பா," என்றேன்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். படகுகள் காத்துக்கொண்டிருந்தன. ஆனால் இந்த ஒரு வேலையை மட்டும் நான் யாரையும் செய்யவிட மாட்டேன், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செல்ஃப் மோட்டாரை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்தால் பாதுகாப்புச் சுவிட்சைத் தாண்டி நேராகக் கரண்ட் போகிறது. வண்டி கியரில் இருந்தாலும் செல்ஃப் சுற்றும். தாழ்ந்த கியரில் செல்ஃப் மோட்டாரே டிராக்டரை நகர்த்திவிடும். எஞ்சின் பிடித்துவிட்டால் நிறுத்த சீட்டில் ஆள் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருப்பவர் நிற்பது எங்கே? பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். அந்தச் சக்கரம் அவர் மேல்தான் ஏறும். உலகம் முழுக்க டிராக்டர் ஓட்டுநர்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள். எங்கள் மணலில் வண்டியைச் சுற்றி எப்போதும் கயிறு பிடிக்க ஆள் நிற்பார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். நியூட்ரலில்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாலும், லீவர் தேய்ந்த வண்டியில் அதை நம்ப முடியாது.

சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கி நிரந்தரமாகச் சேர்த்துவிடுவதும் இதே கதைதான். பல டிராக்டர்களில் இப்படிச் சேர்த்து டேப் சுற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வேலை ஓடும். அப்புறம் ஒருநாள் யாராவது கீழே நின்றபடியே சாவியைத் திருப்புவார்கள். புதுச் சுவிட்ச் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. பழையதைக் கையோடு எடுத்துப் போனால் முனையும் நூலும் ஒத்துப்பார்த்து வாங்கலாம்.

நாங்கள் செய்தது இதுதான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். சுவிட்ச் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழந்துணியால் துடைத்து வெயிலில் விட்டோம். பெட்ரோலால் கழுவலாம் என்று ஒருவர் சொன்னார். பேட்டரிக்குப் பக்கத்தில், பொறி பறக்கும் இடத்தில் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். காய்வதற்குள் பக்கத்துக் குப்பத்து டிராக்டர் வந்து படகுகளை ஏற்றிக் கொடுத்தது. அந்த அண்ணனுக்கு அன்றைக்கு மட்டும் இல்லை, இன்றைக்கும் நன்றி.

மாட்டியதும் செல்ஃப் அடித்தது. நல்ல வேகத்தில் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

இங்கே பார்க்க வேண்டியது சைலன்சரை. சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசலே ஏறவில்லை. எங்களுக்குப் புகை வரவில்லை. எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். கடலோர வண்டியில் அது பாதியில் துருப்பிடித்து நின்றுவிடும். சரியாக இருந்தது. ஸ்டாப்புக்கு சொலினாய்டு வைத்த புது வண்டி என்றால் அதன் வயரையும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து டீசல் ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் கதை அங்கேயே இருந்தது. மேலே மஞ்சள் டீசல், அடியில் நிறமில்லாத தண்ணீர், நடுவில் கோடு போட்டதுபோல ஒரு எல்லை. டீசல் தண்ணீரைவிட லேசானது, அதனால் தண்ணீர் எப்போதும் அடியில் போய் உட்காரும். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன் மேல் பிரஷர் அடித்தால் தண்ணீர் நேராக டேங்குக்குள்.

இந்த இடத்தில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அடிக்காதீர்கள். டீசலை எஞ்சினுக்குள் அழுத்தி அனுப்பும் பம்பின் உள்பாகங்கள் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் ஓடுகின்றன. அவற்றுக்கு எண்ணெய் அந்த டீசலேதான். தண்ணீர் போனால் தேயும், துருப்பிடிக்கும், சிக்கிக்கொள்ளும். பம்ப் வேலை என்றால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டித் துடைத்தோம். டேங்க் அடிக்குழாயைத் திறந்து, வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் பிடித்து, சுத்தமான டீசல் மட்டும் வரும்வரை விட்டோம். புது ஃபில்டர் போட்டோம். அப்புறம் டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டர் மேல் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பின் கை லீவரை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரையாக வரும், பிறகு குமிழி இல்லாமல் வரும். வரும்போதே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அடுத்து டீசலை அழுத்தும் பெரிய பம்பில் இருக்கும் ஸ்க்ரூ, அதே முறை. கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குவது. அப்போது கையை அந்தப் பக்கம் நீட்டவே கூடாது. நாசில் லைனில் அழுத்தம் 200 பாருக்கு மேலேயும் போகும். ஊசியாகப் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக் கேஸ்.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். அப்படி அடித்ததில் எஞ்சின் இருமி, திணறி, பிடித்துக்கொண்டது. மாலையை அப்புறம்தான் போட்டோம்.

"டக்" சத்தம் வரும் வகைக் கோளாறை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முழுச் சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே சரிந்தால் பேட்டரியை மாற்றும் நேரம். பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றவில்லை என்றால் டெர்மினலையும், எர்த் வயர் சேசிஸில் பிடிக்கும் போல்ட்டையும் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து இறுக்குங்கள். செல்ஃப் மோட்டார் பல நூறு ஆம்பியர் இழுக்கும். 300 ஆம்பியர் போகிற வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே வீணாகிறது. வெறும் கண்ணுக்கு அந்த இணைப்பு நன்றாகத்தான் தெரியும்.

காற்றுப் பாதையில் தண்ணீர் போயிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் சாவியைத் தொடக் கூடாது. மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் குழாய், ஏர் கிளீனர் வாய் இரண்டும்தான் வழி. ஏர் கிளீனரைத் திறந்து பேப்பர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகை என்றால் எண்ணெய் பால் நிறமாக மாறியிருக்கும். இரண்டரை லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் முழுக்க மேலே வந்தபோது மிஞ்சும் இடம் சிலிண்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிதான். டீக்கடைக் கிளாஸில் பாதித் தண்ணீர் உள்ளே இருந்தால் போதும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். நாசில்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவது மெக்கானிக் வேலை. இன்னொரு வண்டியை வைத்து இழுத்து ஸ்டார்ட் செய்வதும் இந்த நிலையில் அதே சேதத்தைத்தான் கொண்டுவரும்.

இப்போது எங்கள் வண்டியைக் கழுவும் முறையே வேறு. காலையில், படகு வேலை முடிந்து எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும். சூடான டீசல் பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உறைப்பகுதி சட்டென்று சுருங்கி உள்ளே ஓடுவதைப் பிடித்துவிடும். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுகிறோம். மாட்டும்போது அது கடைசி. சைலன்சர் வாயில் ஒரு டின், ஏர் கிளீனர் வாய், டேங்க் மூடி, டைனமோ, செல்ஃப், டாஷ்போர்டு இவற்றின் மேல் பிளாஸ்டிக் உறை, அதை இறுக்கப் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வளையம். சக்கரம், ஆக்சில், சேசிஸ் அடிப்பகுதிக்குச் சாதாரண ஹோஸ், தண்ணீர் தாராளமாக. உப்பைக் கரைத்து இறக்க நிறையத் தண்ணீர் வேண்டும், வேகம் தேவையில்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு; அதில் கழுவினால் கழுவியதற்கு அர்த்தமே இல்லை. கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும்.

கழுவியதும் கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் புதுக் கிரீஸ் ஏற்றுகிறோம், உள்ளே போன தண்ணீரைப் பழைய கிரீஸோடு சேர்த்து அது வெளியே தள்ளும். கிளட்ச் ஹவுசிங் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையைக் கம்பியால் குத்தி விடுகிறோம், மணல் அடைத்திருக்கும். டெர்மினல்களை இறுக்கிய பிறகு மேலே வாசலின். உறைகளை எடுத்துவிட்டு வெயிலில் நிறுத்தி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் மிச்ச ஈரத்தை அந்தச் சூடே காயவைக்கும். ஏதாவது மடக்கினால் கடை திறந்திருக்கும் நேரத்திலேயே தெரிந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இதில் எதுவும் போதாது. 2015 டிசம்பரிலும், 2023இல் மிக்ஜாம் புயலிலும் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தே எஞ்சினை இழந்தவர்கள் சென்னையில் நிறைய. எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் நிறமாக இருந்தாலோ அளவு கூடியிருந்தாலோ உள்ளே தண்ணீர். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், டீசல் நான்கையும் இறக்கி, ஃபில்டர்களை மாற்றி, நாசிலைக் கழற்றிச் சுற்றிப் பார்த்து, செல்ஃபையும் டைனமோவையும் பிரித்துக் காயவைத்த பிறகுதான் பேட்டரியை மாட்ட வேண்டும்.